பட்டால் சொல்ல வேண்டும்

எங்கள் விளையாட்டில் ஒரே ஒரு சட்டம்தான். பட்டால் நீயே சொல்ல வேண்டும்.

ஸ்பாஞ்சுத் தோட்டா மேலே வந்து விழுந்தால் கையைத் தூக்கி, "பட்டுச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, துப்பாக்கியைத் தரையைப் பார்த்துப் பிடித்தபடி வெளியே நடந்துவிட வேண்டும். சுட்டவர் வாயைத் திறக்கக் கூடாது. "உன்மேல பட்டுச்சே, நான் பாத்தேனே" என்று யாராவது சொன்னால் அதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு கிடையாது. நடுவர் இல்லை, கேமரா இல்லை. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பொம்மைத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே நாலு பேர் சிரிக்கிற காரியம். அதிலும் பொய் சொன்னால் அப்புறம் என்ன மிச்சம் இருக்கிறது?

விளையாடுகிற இடம் ஒரு மெத்தைக் கோடவுன். எங்களில் ஒருவனுடைய அப்பாவுடையது. அவனை மெத்தைக்காரன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை லாரி வராது. பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகள் கூரை வரை அடுக்கடுக்காக நிற்கும். நடுவில் ஒருவர் மட்டும் நுழையக்கூடிய சந்துகள். கூரைத் தகரத்துக்கு இடையே அங்கங்கே வெளிச்சம் விடுகிற தகடு பதித்திருப்பார்கள். அது வழியாக வெயில் தண்ணீர் கலந்த பாலாக இறங்கும். கத்தினாலும் சத்தம் பாதி தூரம்தான் போகும், மீதியை மெத்தைகள் விழுங்கிவிடும். உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் இன்றைக்கு என்ன கிழமை, நாளைக்கு என்ன வேலை என்பதெல்லாம் எங்கோ கழன்று விழுந்துவிடும்.

தோட்டா பறந்து வருவதே ஓர் அழகு. விரல் நீளத்தில் ஆரஞ்சு நிறம், முனையில் ரப்பர் தொப்பி. புதிய தோட்டா நேராக வரும். பழசாகிக் கோணிப்போனது வளைந்து நெளிந்து, யோசித்து யோசித்து வரும். ஒதுங்கிக்கொள்ள நேரம் இருக்கும். ஆனால் பல சமயம் எனக்கு ஒதுங்கத் தோன்றாது. வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். மார்பில் வந்து மெதுவாகக் குட்டிவிட்டுக் கீழே விழும். அந்தச் சின்னக் குட்டுக்காகவே வாரம் முழுக்கக் காத்திருக்கலாம்.

பட்டவர்கள் போய்ப் படுப்பதற்கு ஓர் இடம் உண்டு. அதற்குப் பெயர் சொர்க்கம். மூலையில், வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து பார்ப்பதற்காக உறை பிரித்துப் போட்ட மெத்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். செத்தவர்கள் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டு ஆட்டம் முடியும்வரை கூரையைப் பார்க்கலாம். பேசினால் மெல்லிய குரலில்தான் பேச வேண்டும். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால், சீக்கிரம் சாகலாமே என்று நான் ஆசைப்பட்ட ஞாயிறுகள் நிறைய.

இன்னும் மூன்று பேரைச் சொல்ல வேண்டும். லிப்ட்காரன், லிப்ட் பழுது பார்க்கிறவன். ஒரு போல்ட்டைக் கூட இரண்டு தடவை இறுக்கிப் பார்க்கிற ஜாதி. சட்டம் என்றால் அவனுக்குச் சட்டம்தான். அடுத்தது டீச்சர். மழலையர் பள்ளியில் வாரம் முழுக்கக் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து ஈவு இரக்கமில்லாமல் சுடுவாள். மூன்றாவது ஆள் என் அண்ணன். எல்லோரும் அவனைப் பன்னு என்பார்கள், பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவன் என்பதால். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள்.

அம்மாவும் அப்பாவும் அக்கா வீட்டில், வேறு ஊரில். இங்கே இரண்டு அறையில் நானும் அண்ணனும். அவனுக்கு ராத்திரி வேலை. நான் கடைக்குக் கிளம்பும்போது அவன் ஒரு பொட்டலம் சூடான ரொட்டியோடு படியேறி வருவான். வாசலில் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான் எங்கள் குடித்தனம். ஊர் விழித்திருக்கும்போது தூங்குகிறவனுக்கு எங்கிருந்து சிநேகிதம் கிடைக்கும்? இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அதனால்தான் அவனை இங்கே கூட்டி வந்தேன். முதல் நாளே அண்ணனின் துப்பாக்கியைப் பிரித்து ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்த லிப்ட்காரனை அவன் மறுபடி மறுபடி தொட்டுத் தொட்டுப் பேசியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு உலகம் இல்லை.

அப்போதெல்லாம் சொர்க்கத்துக்கு முதல் ஆள் அவன்தான். ராத்திரி முழுக்க நின்ற அலுப்பில் ஆட்டம் ஆரம்பித்த சூட்டிலேயே குண்டடி பட்டுக்கொண்டு, கையைத் தூக்கியபடி சிரித்துக்கொண்டே போய்ப் படுத்துவிடுவான். மெத்தை முழுக்க ரொட்டி வாசனை வந்துவிடும். "பன்னு பக்கத்துல படுத்தா பசிக்குது" என்று டீச்சர் அடுத்த மெத்தைக்குப் போய்விடுவாள்.

பிறகு அவன் சாவதை நிறுத்திவிட்டான்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஆட்டம் முடியும்போது அவன் மட்டும் சந்துக்குள் நின்றுகொண்டிருப்பான். பன்னு தேறிட்டான் என்று கேலி செய்தோம். அப்புறம் ஒரு நாள் டீச்சர் சுட்டது அவன் முதுகில் பட்டுக் கீழே விழுந்ததை நானே பார்த்தேன். அவன் திரும்பக்கூட இல்லை. தன் பாட்டுக்கு நடந்து போய் மெத்தைக்காரனைச் சுட்டான். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லக் கூடாது. அவள் காலி துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டு நின்ற விதம்தான் எனக்கு என்னவோ செய்தது.

அடுத்தடுத்து அதேதான். முன்னால் வந்து பட்டால் கையைத் தூக்குவான். பின்னால் பட்டால், பக்கவாட்டில் பட்டால், பல சமயம் மூச்சுக் காட்ட மாட்டான். ஒரு ஞாயிறு லிப்ட்காரனின் தோட்டா அவன் இடது தோளில் பட்டுத் தெறித்து டீச்சரின் காலடியிலேயே போய் விழுந்தது. எல்லோரும் பார்த்தோம். அண்ணன் பதுங்கிப் பதுங்கி அடுத்த சந்துக்குள் போனான்.

லிப்ட்காரன் துப்பாக்கியைக் கீழே வைத்தான். "பன்னு, கொஞ்சம் நில்லு" என்றான். "உன்மேல பட்டுச்சு."

ஒருவரும் இதுவரை சொல்லாத வார்த்தை.

"எங்க?" என்றான் அண்ணன்.

"தோள்ல. எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் தெரியும்."

"கவனிக்கலடா. சாரிடா."

"ஒரு தரம்னா சரி. ஒவ்வொரு வாரமும் கவனிக்கலன்னா எப்படி? இதுல ஜெயிச்சு என்னத்தக் கொண்டு போகப் போற நீ?" லிப்ட்காரன் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "இதோ பாரு, எனக்கு உன்னைப் பிடிக்கும். அதனால நேராவே சொல்றேன். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நீ வர வேணாம்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கும் மூளைக்கும் சம்பந்தம் இருக்காது. "உன்னை அண்ணன்னு சொல்லிக்கவே வெக்கமா இருக்கு. பொம்மைத் துப்பாக்கிடா அது! அதுல போய் ஏமாத்துவியா? எனக்குன்னு இருக்கறது அந்த மூணு பேரு. அதுலயும் மண்ணள்ளிப் போடணுமா?" அவன் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இடது முன்கையில் வெந்த தழும்பு ஒன்று புதிதாகப் பளபளத்தது. அடுப்பு பார்க்கிறவன் கையில் தழும்பு இல்லாமல் எப்படி இருக்கும்? அதைப் பார்த்துப் பரிதாபப்படுகிற மனநிலையில் நான் இல்லை.

"இனிமே எல்லாத்தையும் சொல்லிடறேன் குட்டி" என்றான். "ஒண்ணு விடாம."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அடுத்த ஞாயிறு ஆட்டம் ஆரம்பித்ததுமே, "பட்டுச்சு" என்று கையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சொர்க்கத்தில் ஏறிப் படுத்துவிட்டான். அடுத்த ஆட்டத்திலும் அவன்தான் முதல் சாவு. அதற்கடுத்ததிலும். லிப்ட்காரனுக்கு மனது இளகிவிட்டது. கீழே நின்றுகொண்டே கையை நீட்டி அவன் காலைப் பிடித்து ஆட்டினான். "அன்னைக்கு ரொம்பப் பேசிட்டேன்டா" என்றான். டீச்சர் வழக்கம்போலப் பசிக்கிறது என்று அடுத்த மெத்தைக்குப் போனாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. எனக்கு அழுகை வருகிற அளவுக்கு நிம்மதி.

அந்த நிம்மதியோடு இருந்திருக்கலாம். ஆனால் என் பிழைப்பே கண். ஒரு மயிரிழை கோணினாலும் லென்ஸ் உட்காராது, திருப்பித் திருப்பிப் பார்த்தாக வேண்டும். அந்தப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமையும் விடுவதில்லை.

நாலாவது ஆட்டத்தில் நான் அண்ணனுக்குப் பின்னால் வந்து நின்றேன். அவனுக்கு நான் இருப்பது தெரியாது. கோணல் தோட்டா ஒன்றைப் போட்டுச் சுட்டேன். அது அவனுக்குப் பக்கத்தில் ஒரு முழம் தள்ளிப் போய், மெத்தை உறையில் மோதி, பிளாஸ்டிக்கில் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"பட்டுச்சு" என்று அண்ணன் கையைத் தூக்கினான்.

நான் வாயைத் திறந்தேன், மூடினேன். படவில்லை என்று சுட்டவள் சொல்லலாமா? அதற்கு எங்கள் சட்டத்தில் இடமில்லை. யாரும் அதை யோசித்ததே இல்லை. படாததைப் பட்டது என்று சொல்லிக்கொண்டு எந்தப் பைத்தியம் போய்ச் சாகும்?

கோபத்தில் செய்கிறான் என்று முதலில் தோன்றியது. சொல்லச் சொன்னீர்கள் அல்லவா, இந்தாருங்கள் என்று வீம்புக்குச் செய்கிறான். ஆனால் அவன் முகத்தில் வீம்பு இல்லை. பரீட்சை எழுதுகிறவன் மாதிரி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நடந்தான். அடுத்த ஆட்டத்தில் லிப்ட்காரன் டீச்சரைச் சுட்டான். இரண்டு சந்து தள்ளி நின்ற அண்ணனும் கையைத் தூக்கினான். "டேய் பன்னு, உனக்கில்லடா அது!" என்று மெத்தைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணனும் சிரித்தான். கை மட்டும் இறங்குவதா வேண்டாமா என்று பாதியிலேயே நின்றது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி ஆட்டம். வெயில் ஏறி, கூரைத் தகட்டு வெளிச்சம் சந்துகளின் தரை வரை வந்துவிட்டது. தூசி அதில் மிதந்துகொண்டிருந்தது, எங்கேயும் போக அவசரம் இல்லாமல். அண்ணன் ஒரு திருப்பத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். நான் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எல்லாம் எடுத்துப் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெறும் துப்பாக்கியை அவன் இடது தோளுக்குக் குறிவைத்தேன். நீ திரும்பி என்னைப் பார்த்துச் சிரி, என்ன விளையாட்டு இது என்று கேள், வேறு எதுவும் வேண்டாம் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

விசையை இழுத்தேன். டொக்கென்று ஒரு சத்தம். வேறொன்றும் இல்லை, காற்றுதான்.

"பட்டுச்சு" என்றான் அண்ணன்.

கையைத் தூக்கியபடியே திரும்பினான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "நீயா குட்டி? நல்ல அடி. சரியா முதுகுல விழுந்துச்சு." சிரித்துக்கொண்டே சொர்க்கத்தைப் பார்த்து நடந்தான்.

நான் அங்கேயே நின்றேன். தூரத்தில் லிப்ட்காரன் டீச்சரைத் துரத்துகிற காலடி கேட்டது. பிறகு நானும் கையைத் தூக்கினேன். "பட்டுச்சு" என்றேன். யாரும் என்னைச் சுடவில்லை. யார் சுட்டது என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

சொர்க்கத்தில் அண்ணன் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடியிருந்தான். ஏறி அவனுக்கு இடது பக்கம் படுத்துக்கொண்டேன். ரொட்டி வாசனை. மெத்தை எங்கள் இருவர் கனத்துக்கும் மெதுவாக அமுங்கி நின்றது.

"அண்ணா" என்றேன். "துப்பாக்கில தோட்டா இல்ல."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டான் என்றே நினைத்தேன்.

"சத்தம் கேட்டுச்சே" என்றான் கடைசியில்.

"சத்தம் மட்டும்தான் வந்துச்சு."

"ஓ." "சத்தத்த வெச்சுதான் குட்டி சொல்லிட்டிருக்கேன். முன்னாடி வந்தா பாத்துடுவேன். பின்னாடின்னா காதுதான். வலது பக்கம் ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு. இந்தப் பக்கம்தான். தோள், முதுகு, கை. மழை ஆரம்பிச்சப்ப இருந்து."

"மரத்துப்போயிடுதா?"

"அப்படித்தான் நெனச்சேன். ஒரே பக்கமாப் படுத்துத் தூங்கறதால இருக்கும், சரியாப் போயிடும்னு. போகல. கொஞ்சம் கொஞ்சமாக் கீழ எறங்குது."

"அந்தக் காயம்?"

"அடுப்புத் தட்டு பட்டிருக்கு போல." சொல்லும்போது லேசாகச் சிரித்தான். "கருகற வாசனை வந்துச்சு. பன்னுதான் கருகுதுன்னு அடுப்பத் திறந்து திறந்து பாக்கறேன். பன்னு நல்லாத்தான் இருந்துச்சு."

அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டேதான் அவனை வெட்கக்கேடு என்றேன். என் நாக்கை என்ன செய்வது?

"ஏண்டா சொல்லல? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே? அவ்வளவு பேசினேனே நான், அப்பவாவது?"

"பேக்கரியில தெரிஞ்சா அடுப்புப் பக்கம் விட மாட்டாங்க."

"அது பேக்கரி. நான் யாரு? இவங்கல்லாம் யாரு?"

அவன் கண்ணைத் திறந்து கூரை வெளிச்சத்தைப் பார்த்தான். கீழே எங்கோ டீச்சர் சிரிக்கிற சத்தம் மெத்தைகளுக்குள் புகுந்து தேய்ந்துபோய் வந்து சேர்ந்தது.

"உங்ககிட்ட சொன்னா, எல்லாரும் என்னை மெதுவா சுடுவீங்க" என்றான். "இல்ல, சுடவே மாட்டீங்க. ஒரு ஓரமா உக்கார வெச்சு எண்ணிக்கை பாத்துக்கச் சொல்வீங்க. ஏமாத்துறவன்னு பேரு வந்தாலும் பரவால்லன்னு இருந்தேன். ஆனா நீயும் அப்படிச் சொன்னப்ப தாங்கல."

கண்ணீர் காதுக்குள் வழிந்து கூசியது. அவன் பக்கம் ஒருக்களித்து, எங்களுக்கு நடுவில் கிடந்த அவன் கையை எடுத்து என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டேன். சூடான கை. உள்ளங்கையில் மாவு காய்ந்து, ரேகையெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

"நாளைக்கு உனக்குக் கடை இருக்கே."

"கடை கெடக்கட்டும்."

"நரம்பு சமாச்சாரமா இருக்கும். பெருசா ஏதாவது சொன்னாங்கன்னா?"

"சொல்லட்டும். ரெண்டு பேருமா உக்காந்து கேப்போம்."

"பயமா இருக்கு குட்டி."

"எனக்கும்தான்." கையை இன்னும் இறுக்கினேன். என் விரல் நுனிகள் வெளுக்கிற அளவுக்கு இறுக்கினேன். அவன் கூரையைப் பார்த்தபடியே படுத்திருந்தான்.

"லிப்ட்காரன்கிட்ட நீயே சொல்லிடறியா?" என்றான். "நான் சொன்னா அவன் அழுதுடுவான்."

"சொல்றேன்."

ஆட்டம் முடிந்துவிட்டது. தோட்டா பொறுக்குகிற நேரம். மெத்தைக்காரன் வாளியைத் தட்டி எங்களைக் கூப்பிட்டான். அண்ணன் எழுந்திருக்க வலது கையை ஊன்றினான். இடது கை கூடவே வரவில்லை. ஏன் வரவில்லை என்று குழப்பத்தோடு குனிந்து பார்த்தான். அது என் இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தான்.

"எப்ப பிடிச்ச?" என்று கேட்டான்.

"இப்பதான்" என்றேன்.